எவ்வளவு சாப்பிடுவீங்க

சின்னவள் அக்காவின் குரலில் பேசிக்கொண்டிருந்தபோது வண்டி வந்துவிட்டது.

என்ஜினை அணைத்த சத்தம் ஜன்னல் வழியாக மாடிக்கு வந்தது. அறையில் இருந்த பத்துப் பன்னிரண்டு பேரில் யாருக்கும் அது கேட்கவில்லை. எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சிரித்தபடியே சிலர் கண்ணையும் துடைத்துக்கொண்டார்கள். சின்னவள் இடது கையில் இல்லாத பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்து, வலது கையில் இல்லாத கரண்டியால் அதன் அடியைச் சுரண்டி, மூக்கால் லேசாக இழுத்து, "இந்தா, இன்னும் ஒரு வாய் இருக்கு. யார் இதை விட்டுட்டுப் போறீங்க? பேரச் சொல்லுங்க, எழுதி வச்சுக்கறேன்" என்றாள்.

அடுத்த அறையின் கதவு திறந்திருந்தது. கட்டிலில் வெள்ளைத் துணிக்கு வெளியே அக்காவின் பாதங்கள் தெரிந்தன.

இதை அவளாக ஆரம்பிக்கவில்லை. எட்டு மணிக்கு வர வேண்டிய வண்டி பத்தாகியும் வரவில்லை. எவ்வளவு நேரம்தான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது? பெரியப்பா மகன்தான் பேச்சை எடுத்தான். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பதால் குடும்பத்தில் எல்லோருக்கும் அவன் கண்ணாடிக்கடை அண்ணன். "அவ இருந்திருந்தா இந்நேரம் ஒவ்வொருத்தர்கிட்டயும் வந்து எவ்வளவு சாப்பிடுவீங்கன்னு கேட்டிருப்பா" என்றான். யாரோ லேசாகச் சிரித்தார்கள். "நீ ஒருதடவ செஞ்சு காட்டேன் சின்னவளே. அவ குரலக் கேட்ட மாதிரியாவது இருக்கும்" என்றான். அவன் ஆசையாகத்தான் கேட்டான். அவளும் அப்படித்தான் ஆரம்பித்தாள். ஆனால் முதல் சிரிப்பு எழுந்ததும் பழக்கம் வந்து ஒட்டிக்கொண்டது. பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் சொல்வது அவள் வேலை. இருபத்தாறு வருடமாகக் குரல்தான் அவள் பிழைப்பு. எங்கே நிறுத்தினால் கேட்பவர்கள் காதைத் தீட்டிக்கொள்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினாள், இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்தாள்.

ஸ்ட்ரெச்சரோடு வந்த இரண்டு பேர் வாசலில் தயங்கி நின்றார்கள். சாவு வீடு இதுதானா என்று அவர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

சின்னவள் கைகளைக் கீழே இறக்கினாள். அப்போதுதான், கதவோரம் நின்றிருந்த கீழ்வீட்டு டெய்லரம்மா சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தாள். அந்தம்மாள் அவளைப் பார்க்காமல் தன் விரலில் இருந்த ஊசிக் குத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் முடிந்து திரும்பும்போது மணி பன்னிரண்டரை. நேராகத் தங்கள் வீடுகளுக்குப் போனவர்கள் போக, பதினொரு பேர் அக்காவின் வீட்டுக்கு வந்திருந்தார்கள். யாரும் காலையில் சாப்பிடவில்லை. சின்னவளின் வீட்டுக்காரர் போனைக் கையில் எடுத்துக்கொண்டு, ஹோட்டலில் இருபது சாப்பாடு சொல்லிவிடட்டுமா, குறைந்தால் நன்றாக இருக்காதே, என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். அதற்கு முன்னால் எல்லோருக்கும் ஒரு டீ போடலாம் என்று சமையலறைக்குள் போனாள்.

அக்கா மருந்துக்கடையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு நேரமில்லை என்று பதில் சொன்னாள். நேற்று மத்தியானம் ஒரு பெரியவருக்கு ஐந்து நாள் மாத்திரையை அட்டையிலிருந்து கத்தரித்து, கவரில் போட்டு, நாளுக்கு இரண்டு என்று எழுதிக் கொடுத்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்தாளாம். உட்கார்ந்தவள் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள். கூட்டம் இருந்ததால் தனக்குக் கொஞ்ச நேரம் தெரியவே இல்லை என்று கடை முதலாளி காலையிலிருந்து நாலைந்து முறை சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

மாத்திரை எண்ணுகிற கை, அரிசியையும் அப்படித்தான் எண்ணும் என்று சின்னவள் சொல்வாள். அக்கா வீட்டுக்கு விருந்துக்குப் போக வேண்டுமானால் முதல் நாளே போன் வந்துவிடும். எத்தனை பேர், எத்தனை மணிக்கு, காலையில் என்ன சாப்பிட்டுவிட்டு வருவீர்கள், எவ்வளவு சாப்பிடுவீர்கள். எல்லாவற்றையும் குறித்துக்கொள்வாள். போனால் சோறு, பருப்பு, ஒரு காய். மனசு வந்தால் ஒரு முட்டை. காலிஃபிளவரின் தண்டு, முள்ளங்கியின் இலை, உருளைக்கிழங்கின் தோல் எதுவும் அவள் கையிலிருந்து தப்பித்துக் குப்பைக்குப் போனதில்லை. நன்றாகத்தான் இருக்கும், அதை யாரும் மறுத்ததில்லை. கடைசி ஆள் கை கழுவும்போது பாத்திரங்கள் துடைத்துவைத்தது போல இருக்கும். பசியோடும் யாரும் எழுந்ததில்லை.

சின்னவளுக்கு அது பிடிக்காது. கல்யாணம் ஆன புதிதில் அவளுடைய மாமியார் வீட்டார் அக்கா வீட்டுக்கு வந்தபோது, அக்கா ஒவ்வொருவரிடமும் போய் அந்தக் கேள்வியைக் கேட்டாள். மாமியார் ஓரக்கண்ணால் மகனைப் பார்த்தார். அந்தப் பார்வையைச் சின்னவள் மறக்கவில்லை. அன்றைக்கே முடிவு செய்துகொண்டாள். அவள் வீட்டு விருந்தில் மேஜையில் இடம் இருக்காது. ஏழு வகை, எட்டு வகை. மறுநாள் காலையில் பாதியைப் பையில் கட்டிக் குப்பைத்தொட்டிக்குக் கொண்டுபோகும்போது மட்டும் பக்கத்து வீட்டார் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொள்வாள்.

அக்காவைப் போலப் பேசிக்காட்டுவது அப்போதுதான் தொடங்கியது. முதலில் வீட்டுக்காரரிடம், பிறகு சொந்தக்காரர்களிடம். ஒவ்வொரு தடவையும் ஒரு சரக்கு புதிதாகச் சேரும். மூன்று வருடத்துக்கு முன்பு கண்ணாடிக்கடை அண்ணன் புது வீடு கட்டி எல்லோரையும் அழைத்திருந்தான். முப்பது பேர் கூடியிருந்த கூடத்தில் சின்னவள் செய்து காட்டிக்கொண்டிருந்தாள். கடைசி வாயைச் சுரண்டுகிற இடம் வந்தது. திரும்பினால், டீத் தம்ளர்கள் அடுக்கிய தட்டோடு அக்கா வாசற்படியில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. அக்கா தட்டை ஒரு பக்கமாக வைத்துவிட்டு, "கரண்டிய அப்படிப் பிடிக்க மாட்டேன்டி. இப்படி" என்று பிடித்துக் காட்டினாள். கூடம் அதிர்ந்தது. அன்று எல்லோரும் சிரித்ததில் அக்காவின் சிரிப்பும் இருந்ததாகத்தான் சின்னவளுக்கு நினைவு.

அதற்குப் பிறகு அக்கா மாறிவிட்டாள். சின்னவள் குடும்பத்தோடு போனால் நாலு வகை, ஐந்து வகை. கோழி இருக்கும், இனிப்பு இருக்கும். போன் வருவது நின்றது. எவ்வளவு சாப்பிடுவாய் என்று கேட்பது நின்றது. தட்டு காலியாவதற்குள் அடுத்த கரண்டி வந்து விழும். "நான் கிண்டல் பண்ணினதுலதான் எங்கக்காவுக்குக் கை தாராளமாச்சு" என்று சின்னவள் சொந்தத்தில் ஒருத்தர் விடாமல் சொல்லிவிட்டாள்.

பால் எடுப்பதற்காக ஃப்ரிட்ஜைத் திறந்தாள்.

நடுத்தட்டில் ஆறு டப்பாக்கள் வரிசையாக இருந்தன. மேலே ஐஸ் பெட்டியில் இன்னும் மூன்று. ஒவ்வொன்றின் மூடியிலும் மருந்துக்கடைக் கவர் ஒன்று ஒட்டியிருந்தது. காலை, மதியம், இரவு என்று அச்சடித்து, பக்கத்தில் கட்டம் போட்ட அதே சின்னக் கவர். அக்காவின் குண்டு எழுத்து. மேலே 'ஞாயிறு செய்தது' என்று எழுதி, கீழே கிழமை போட்டு, கட்டத்தில் ஒரு டிக். பருப்புக்குப் புதன் இரவு. முட்டைக்கோஸுக்கு வியாழன் இரவு. கோழிக்கு வெள்ளி மதியம். ஐஸ் பெட்டியில் இருந்தவற்றில் சனிக்கிழமை வரை போயிருந்தது.

புதன் இரவு டப்பா திறக்கப்படாமல் இருந்தது.

சின்னவள் பாலை எடுக்கவில்லை. ஃப்ரிட்ஜின் குளிர் முழங்காலில் பட்டுக்கொண்டிருந்தது. பின்னால் டெய்லரம்மா தம்ளர்களைக் கழுவ வந்து நின்றாள்.

"நீங்க ஞாயித்துக்கிழமை வந்துட்டுப் போனதுல மிஞ்சினதுங்க" என்றாள்.

"இதையா தினமும் சாப்பிட்டா?"

"நீங்க வந்துட்டுப் போனா அந்த வாரம் பூரா இதான். எனக்கு ரெண்டு டப்பா குடுப்பாங்க. வேற யாருக்காவது குடுக்கலாம்லன்னா, நாள்பட்டதைப் போய் எப்படிக் குடுக்கறதும்பாங்க. மிச்சத்தை அவங்களே முடிப்பாங்க." டெய்லரம்மா குழாயைத் திறந்து, உடனே மூடினாள். "ஒருதரம் நானே கேட்டுட்டேன். எதுக்குக்கா இவ்வளவு செய்யறீங்க, வழக்கம்போல அளவா செய்ய வேண்டியதுதானேன்னு."

"என்ன சொன்னா?"

"இப்ப எதுக்குங்க அதெல்லாம்."

"சொல்லுங்க."

டெய்லரம்மா தம்ளரைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள். அது ஏற்கெனவே உலர்ந்திருந்தது.

"கொறைச்சலா இருந்தா என் தங்கச்சிக்குச் சிரிப்பு வரும்னாங்க."

வெளியே கூடத்தில் யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டார்கள்.

"கோவமா சொன்னாளா?" என்று சின்னவள் கேட்டாள். கேட்ட பிறகு, ஆமாம் என்ற பதிலுக்குத்தான் மனசு ஏங்குகிறது என்று தெரிந்தது.

"இல்லீங்க. வெங்காயம் உரிச்சுக்கிட்டே சொன்னாங்க."

ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது அக்கா படி வரைக்கும் வந்து, "எதுவும் கொறையா இல்லல்ல?" என்று கேட்டாள். சின்னவள் செருப்பைத் தேடிக்கொண்டே, "இல்லக்கா. இப்பல்லாம்தான் உன் வீட்டுல சாப்பிட்டா விருந்து மாதிரி இருக்கு" என்றாள். அக்கா சரி என்றாள். அவர்கள் இருவரும் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். அன்று மேஜையில் பாதிக் கோழி அப்படியே இருந்தது. மகள் இனிப்பை ஒரு வாய் வைத்துவிட்டுத் தள்ளிவைத்தாள். பசி இல்லாத இடத்தில் அக்கா கரண்டி கரண்டியாகப் போட்டுக்கொண்டே இருந்தாள். போடும்போதெல்லாம் சின்னவளின் முகத்தைப் பார்த்தாள். நல்லாயிருக்கா என்று கேட்கிற பார்வை என்று சின்னவள் நினைத்திருந்தாள்.

அவள் ஃப்ரிட்ஜை மூடிவிட்டு வெளியே வந்தாள். வீட்டுக்காரர் பால்கனியில் ஹோட்டல்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். போனைக் கையிலிருந்து வாங்கி, வேண்டாங்க, மன்னிச்சிருங்க என்று சொல்லி வைத்தாள். அவர் புரியாமல் பார்த்தார். நான் சமைக்கிறேன் என்றாள். இத்தனை பேருக்கா, இன்றைக்கா, உனக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே கூடத்துக்குப் போனாள்.

அரிசி எவ்வளவு போடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. பதினொரு பேருக்கு அவள் வீட்டில் என்றால் கண்ணை மூடிக்கொண்டு பதினெட்டுப் பேருக்குப் போடுவாள். இங்கே ஒரே ஒரு வழிதான் இருந்தது. கண்ணாடிக்கடை அண்ணன் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணே, எவ்வளவு சாப்பிடுவீங்க?"

அவன் முகம் மலர்ந்தது. பக்கத்தில் இருந்தவரின் தொடையைத் தட்டினான். "பாத்தீங்களா, அப்படியே இருக்கு. ஆனா இன்னும் கொஞ்சம் மூக்கால இழுக்கணும்மா" என்றான். இரண்டு மூன்று பேர் சிரிக்கத் தயாராகத் திரும்பினார்கள்.

"இல்லண்ணே. நெஜமாத்தான் கேக்கறேன். அரிசி போடணும்."

அவன் சிரிப்பு முகத்தில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. அதை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். பிறகு தாழ்ந்த குரலில், நேற்று ராத்திரியிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, நல்ல பசி, இந்த நேரத்தில் சொல்ல ஒருமாதிரி இருக்கிறது, ஆனால் கொஞ்சம் அதிகமாகவே சாப்பிடுவேன் என்றான்.

சரிண்ணே என்று அடுத்தவரிடம் போனாள். கடை முதலாளி தனக்குச் சர்க்கரை என்றும், சோறு ஒரு கரண்டிக்கு மேல் வேண்டாம், காய் இருந்தால் இரண்டு பங்கு சாப்பிடுவேன் என்றும் சொன்னார். மற்ற வீடுகளில் சோற்றை இலேசாக மறைத்துத் தட்டின் ஓரத்தில் தள்ளிவைக்க வேண்டியிருக்கும், இங்கேதான் வாய்விட்டுச் சொல்லலாம் என்றார். சித்திக்குப் பல் இல்லை. சோறு குழைந்திருக்க வேண்டும், கொஞ்சம் போதும். சித்தியின் மருமகள் வயிற்றுப் பிள்ளைக்காரி. வாசனை பிடிக்காது, வெறும் பருப்பும் சோறும் என்றால் நிறையச் சாப்பிடுவேன் என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். சின்னவளின் மகள் கோழி வேண்டாம் பெரியம்மா என்று ஆரம்பித்து, அம்மா என்று திருத்திக்கொண்டு, அழுதுவிட்டாள். வீட்டுக்காரர் எனக்கு எதுவும் வேண்டாம் என்றார். அவள் நகராமல் நின்றாள். ஒரு தட்டு என்றார்.

இப்படி ஒருத்தர் ஒருத்தராகக் கேட்டு முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. அவள் எத்தனையோ தடவை நடித்துக் காட்டிய கேள்விதான். அதற்குப் பதில் சொல்லும்போது ஆட்களின் முகம் எப்படி ஆகும் என்று இத்தனை வருடத்தில் அவள் பார்த்ததில்லை. மேடையிலிருந்து அவள் பார்த்ததெல்லாம் சிரிக்கிற முகங்களைத்தான்.

டெய்லரம்மாவுக்கும் அளவு தெரியவில்லை. இரண்டு பேருமாகச் சேர்ந்து விரல்விட்டுப் பார்த்து அரிசியைக் களைந்தார்கள். சின்னவள் டப்பாக்களைத் திறந்து ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தாள். எல்லாம் நன்றாக இருந்தது. பருப்பில் சுடுதண்ணீர் ஊற்றி, கூடையில் கிடந்த இரண்டு தக்காளியைப் பிழிந்துவிட்டு அளவை நீட்டினாள். முட்டைக்கோஸில் ஒரு கேரட்டைத் துருவிப்போட்டாள். கோழியை எலும்பிலிருந்து பிரித்து, உருளைக்கிழங்கோடு சேர்த்துப் பிரட்டினாள். சின்னவளின் வீட்டில் இதை யாரும் சமையல் என்று சொல்ல மாட்டார்கள். கவர்களை மூடியிலிருந்து உரிக்கும்போது ஒன்றுகூடக் கிழியாமல் வந்தது. ஒன்பதையும் மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். யாரும் அதைப் படித்துவிடக் கூடாது என்று இருந்தது.

இரண்டு மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தார்கள். மேஜையில் நாலு பேருக்குத்தான் இடம். மற்றவர்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டார்கள். அவள் கேட்டவர்களுக்குக் கேட்ட அளவு வைத்தாள். பசி அடங்கிய பிறகு அக்காவைப் பற்றி ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தார்கள். யாருக்குக் காய்ச்சல் என்றாலும் மருந்தோடு கஞ்சியும் கொண்டுவருவாள், கஞ்சியும் ஒரு வாய் மிஞ்சாது, ஒரு வாய் குறையாது என்றாள் சித்தி.

கண்ணாடிக்கடை அண்ணன் இரண்டாம் தடவை சோறு வாங்கிக்கொண்டான். தான் காலையில் கிளப்பிவிட்டதை எப்படியாவது நல்லதாக முடிக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். கடை முதலாளியைப் பார்த்து, "எவ்வளவு கணக்கா இருந்தவ தெரியுமா? கடைசி மூணு வருஷம் என்னமா தாராளமாயிட்டா. எல்லாம் நம்ம சின்னவள் பண்ணின வைத்தியம்" என்றான். "என் புது வீட்டுலதான். அக்காவ முன்னால வச்சே கிழிச்சுட்டா. அதோட திருந்திட்டா."

முதலாளி மரியாதைக்காகச் சின்னவளைப் பார்த்துச் சிரித்தார். அவள் கையில் பருப்புக் கரண்டி இருந்தது. டெய்லரம்மா சமையலறை வாசலில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தம்மாள் வாயைத் திறக்க மாட்டாள் என்று சின்னவளுக்குத் தெரியும். திறந்தால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

இப்போது சொல்லலாம். அண்ணே, அப்படி இல்லண்ணே என்று ஆரம்பித்தால் போதும். பையில் ஒன்பது கவர்கள் இருக்கின்றன. எடுத்து மேஜையில் வைத்தால் அதுவே பேசிவிடும். தினமும் ஆயிரம் பேர் கேட்கப் பேசுகிறவளுக்கு இந்தப் பத்துப் பேர் முன்னால் நாக்கு எழவில்லை.

"இன்னும் கொஞ்சம் பருப்பு விடவாண்ணே?" என்றாள்.

"போதும்மா. வயிறு நெறஞ்சிருச்சு" என்றான் அவன்.

எல்லோரும் எழுந்த பிறகு அவளும் டெய்லரம்மாவும் சாப்பிட்டார்கள். டெய்லரம்மாவுக்கு வைத்தது போகப் பானையில் ஒரு கரண்டிச் சோறும், தேடி எடுத்தால் ரெண்டு துண்டு உருளைக்கிழங்கும் இருந்தன. சின்னவளுக்குப் போதவில்லை. குறைந்தது எங்கே என்று யோசித்தாள். தன் பெயரைக் கணக்கில் சேர்க்க மறந்திருந்தாள்.

மூன்றரைக்கெல்லாம் ஆட்கள் கலைந்தார்கள். வீட்டுக்காரர் சித்தியையும் மருமகளையும் ஏற்றிவிட மகளோடு கீழே போனார். அங்கிருந்து மகளை வீட்டில் விட்டுவிட்டு வருவதாகச் சொன்னார். டெய்லரம்மா ஒரு துணியை முடித்துக் கொடுக்க வேண்டும் என்று இறங்கிப் போனாள். சின்னவள் கழுவிய பாத்திரங்களைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தபோது, வாசலில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான ஆள். சட்டைப்பையில் மருந்துக் கம்பெனியின் பேனா, கையில் வண்டிச் சாவி. வெளியூரிலிருந்து வாரம் ஒரு முறை கடைகளுக்கு மருந்துப் பெட்டி கொண்டுவந்து இறக்குகிற வேன் டிரைவர் என்று சொன்னார். கடை பூட்டியிருந்தது, பக்கத்துக் கடையில்தான் விஷயத்தைச் சொன்னார்கள். அதைச் சொல்லிவிட்டு அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். காலியான கட்டிலைப் பார்த்ததும், "எடுத்துட்டீங்களா?" என்றார்.

"பதினோரு மணிக்கே."

"நான் அப்ப வழியில டோல்கேட்ல நின்னுட்டிருந்தேன்" என்றார் அவர்.

அவள் உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். எட்டு வருடமாக வியாழக்கிழமை மத்தியானம் இங்கேதான் சாப்பிடுகிறார். வழியெல்லாம் ஹோட்டல் சாப்பாடு சாப்பிட்டு வயிற்றில் புண். வாரம் தவறாமல் அதற்கு மாத்திரை வாங்குவதைப் பார்த்துவிட்டு ஒருநாள் அக்கா, ரோட்டில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டாளாம். அடுத்த வியாழக்கிழமை இரண்டு மணிக்கு, கடையை முதலாளி பார்த்துக்கொள்ள, வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறாள். வந்தால் காரமில்லாமல் ஒரு காய், சோறு, மோர். அக்கா எதிரே உட்கார்ந்து தன் தட்டில் சாப்பிடுவாள். ரெண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்வதுகூட இல்லை. வயிறு இப்போது தேவலை என்றார்.

சின்னவள் மாதம் ஒரு முறை இந்த வீட்டுக்கு வந்திருக்கிறாள். இப்படி ஒரு ஆள் வருவதை அக்கா ஒருநாளும் சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்று அவளுக்கு உடனே புரிந்தது.

"சாப்பிட்டீங்களா?" என்றாள்.

"அதுக்காக வரலம்மா."

"தெரியும். சாப்பிட்டீங்களா?"

அவர் சாவியைக் கை மாற்றிக்கொண்டார். அவள் சமையலறையைப் பார்த்தாள். எல்லாப் பாத்திரமும் கவிழ்ந்திருந்தது. கொடுக்க ஒரு பருக்கை இல்லை.

"உக்காருங்க. அரை மணி நேரம் ஆகும்."

வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னார். மூன்றாவது தடவை சொல்லவில்லை. உட்காரவும் இல்லை. அவள் அடுப்பைப் பற்றவைத்துத் தண்ணீரை வைத்தாள். கூடையின் அடியில் ஒரு சுரைக்காய்த் துண்டு இருந்தது, அதை நறுக்கினாள். அரிசி டப்பாவைத் திறந்தாள்.

"எவ்வளவு சாப்பிடுவீங்க?"

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். பிறகு யோசித்தார்.

"தெரியலீங்களே" என்றார். "முதல் நாள் கேட்டாங்க. அப்புறம் கேட்டதில்ல. அவங்க வைப்பாங்க, நான் சாப்பிடுவேன். சரியா இருக்கும்."

தண்ணீர் சத்தம் போட ஆரம்பித்தது.

"அப்ப இங்க வந்து பாத்துச் சொல்லுங்க" என்றாள் சின்னவள். அது யாருடைய குரல் போலவும் இல்லை.

அவர் சமையலறை வாசல் வரை வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அவள் டப்பாவைச் சாய்த்து, தம்ளரில் அரிசியை மெதுவாகச் சரித்தாள். பாதிக்கு வந்ததும் நிறுத்தி அவரைப் பார்த்தாள். அவர் தலையைக் கொஞ்சம் சாய்த்துத் தம்ளருக்குள் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம்" என்றார் கூச்சத்தோடு.

அவள் இன்னும் கொஞ்சம் சரித்தாள்.